எக்ஸ்ரேயில் ஒரு உப்பல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஹாஸ்டல் கதை எல்லாரும் சொல்லிடுவாங்க சார், நீங்க உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் உத்தரவு. ஆகவே பரீட்சையில் அநேகமாக யாரும் கேட்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வான் நெக் - ஓடல்பெர்க் நோய். 'நோய்' என்ற சொல்லே எனக்கு உடன்பாடில்லை.

முதல் வருட அனாடமியைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு ஒவ்வொரு பக்கமும் இலியம், இஸ்கியம், பியூபிஸ் என்று மூன்று துண்டாகத்தான் ஆரம்பிக்கிறது. இஸ்கியமும் பியூபிஸும் கீழே சந்திக்கிற இடத்தில் ஒரு குருத்தெலும்பு உண்டு. பெரும்பாலும் 4 வயதிலிருந்து 12 வயதுக்குள் அது எலும்பாக மாறி ஒட்டிவிடும். ஒட்டுவதற்கு முன்னால் சில பிள்ளைகளுக்கு அந்த இடம் உப்பிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் கரையான் அரித்த மாதிரி தெரியும். கூடவே தொடையிடுக்கிலோ பிட்டத்திலோ வலி, நொண்டி நடை. 1923ல் ஸ்வீடனின் ஓடல்பெர்க்கும் 1924ல் பெல்ஜியத்தின் வான் நெக்கும் இதை எழுதினார்கள், பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் 1956ல் அமெரிக்காவில் கஃபியும் ராஸும் ஆரோக்கியமான பிள்ளைகளின் படங்களைப் பார்த்தார்கள். அதே உப்பல் அவர்களில் பலருக்கும் இருந்தது! ஆக, படம் மட்டும் நோயைச் சொல்லாது.

என்னிடம் ஒரு தகப்பனார் எட்டு வயதுப் பையனோடு வந்தார். கையில் ஒரு ரிப்போர்ட். அதில் 'கட்டியாக இருக்கலாம், பயாப்சி தேவை' என்று எழுதியிருந்தது. "நாலு நாளா வீட்ல அடுப்பு எரியல டாக்டர்" என்றார். உப்பல் இடது பக்கம். பையனிடம், "பந்தை எந்தக் கால்ல உதைப்பே?" என்று கேட்டேன். "வலது கால்ல" என்றான்.

கேள்வி விளையாட்டுக்கு இல்லை. வலது காலால் உதைக்கிறவன் உடம்பின் பாரம் முழுவதும் அந்த நேரம் இடது காலில்தான். ஊன்றும் காலின் பக்கமே இந்த ஒட்டு தாமதமாகிறது என்று 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியது. பையனுக்குக் காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனைகள் சரி. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், சந்தேகப்படும்படி கட்டி எதுவும் இல்லை. "ஓட்டம், பந்து எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வலிச்சா மட்டும் மாத்திரை" என்று அனுப்பினேன். அவசரப்பட்டு ஊசியைக் குத்தியிருந்தால்? வேகமாக வளர்கிற எலும்பு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவரையும் குழப்பிவிடும். சில வாரத்தில் வலி போயிற்று. மறுபடி படமெடுக்க வந்தபோது பையனுக்கு ஒரே கவலை, ஸ்கூல் டீமில் சேர்ப்பார்களா என்பதுதான்.

தம்பி தங்கைகளே, இதைக் கேட்டுவிட்டு எல்லா நொண்டலுக்கும் 'ஓய்வெடு' என்று சீட்டு எழுதிவிடாதீர்கள். காய்ச்சல், ராத்திரி தூங்கவிடாத வலி, ஈ.எஸ்.ஆர். ஏற்றம் இருந்தால் அதே இடத்தில் சீழ் பிடித்திருக்கலாம். உண்மையான கட்டியும் இருக்கலாம். அன்றைக்கே அட்மிட் செய்யுங்கள். பருமனான பதிமூன்று வயதுப் பையன் முழங்கால் வலி என்று வந்தாலும் இடுப்பைப் படமெடுங்கள். தொடையெலும்பின் தலை நழுவியிருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. மீதியைப் பந்தியில் பேசலாம்.