கரடியின் குறிப்பறிதல்



பாலக்காட்டிலும் இடுக்கியிலும் குடியேறி வாழும் நாம், நாள்தோறும் மலையைக் காண்கிறோம். ஆயினும் பரம்பிக்குளம், நெல்லியாம்பதி, சின்னாறு ஆகிய காடுகளில் உலவும் கரடியைச் சரியாக அறிந்தோமில்லை. நம் முன்னோர் அறிந்திருந்தனர். 'எண்கு' புற்றகழ்ந்து உண்பதையும், இருப்பைப் பூவை நாடுவதையும் அகநானூற்றுப் புலவர்கள் பாடியுள்ளனர்.

வில்லாளனுக்கு இவ்வறிவே உயிர்க்காவல். அம்பு பட்ட கரடி குருதி வடிந்த பின்னரே சாயும். அதற்குள் எய்தவன்மேல் பாய்ந்துவிடக்கூடும். அமெரிக்காவில் இஷி என்னும் பழங்குடியினரிடம் வில்வித்தை பயின்றவர் மருத்துவர் சாக்ஸ்டன் போப். அவரும் ஆர்தர் யங்கும் 1920ஆம் ஆண்டில், அருங்காட்சியகம் ஒன்றிற்காக எல்லோஸ்டோன் காட்டில் கிரிஸ்லிக் கரடிகளை அம்பெய்து வீழ்த்தினர். கரடி வரும் வழியறிந்து மறைந்திருந்தமையாலேயே அது கைகூடிற்று.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியை முதல் அட்டவணையில் வைத்து, வேட்டையைத் தடுத்துள்ளது. எனினும், குறிப்பறியும் தேவை நீங்கிற்றில்லை. பரம்பிக்குளத்தை அடுத்த வால்பாறையில் தேயிலை பறிக்கும் நம் மக்கள் கரடியால் காயமுற்றுள்ளனர்.

கரடிக்குக் கண்பார்வை குறைவு, மோப்பம் மிகுதி. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டும் இல்லாமையால், அவ்விடைவெளி வழியே கறையானைப் பேரொலியுடன் உறிஞ்சும். அவ்வேளையில் நம் காலடியோசை அதன் செவியில் விழுவதில்லை. திடீரென அருகில் நம்மைக் கண்டதும், அஞ்சியே தாக்குகிறது. பின்னங்கால்களில் எழுந்து நிற்பது பெரும்பாலும் பார்க்கவும் முகரவுமே. குட்டியை முதுகில் சுமந்த தாயோ சிறிதும் பொறுக்காது.

புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் நாம் ஒன்று கேட்போம்: கைகாட்டியின் குறிப்பறியாமல் வண்டி செலுத்துவார் உண்டோ? காட்டுவழியிலும் அவ்வாறே. புதிதாய்த் தோண்டிய புற்றைக் கண்டால் நின்று நோக்குக. அந்திக்குப் பின்னும் விடியுமுன்னும் தனியே செல்லற்க. செல்ல நேரின், உரக்கப் பேசிக்கொண்டே செல்க. கரடி எதிர்ப்பட்டால் ஓடற்க; முகத்தை அதன்பால் வைத்து மெல்லப் பின்வாங்குக. தாக்கினால் குப்புறப் படுத்து, கழுத்தையும் தலையையும் கைகளால் மறைத்துக்கொள்க.

இவற்றை நம் தோட்டத்து உறவினர்க்கு எடுத்துரைப்போமாக.