வெட்கம் வேண்டாம், வைத்தியம் உண்டு



ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பலருக்கு ஒரு தொல்லை வருகிறது. அதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. இரவில் மூன்று, நான்கு முறை ஒன்றுக்குப் போக எழுகிறார்கள். போய் நின்றாலும் சிறுநீர் உடனே வருவதில்லை. வந்தாலும் நூல் போல வருகிறது. கடைசியில் சொட்டுச் சொட்டாக விழுந்து வேட்டியை நனைக்கிறது.

இதனால் அவர்கள் பஸ் பயணத்துக்குப் பயப்படுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள். "வயசானால் இப்படித்தான்" என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் என்ன? ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் புராஸ்டேட். விந்துவில் சேரும் ஒரு நீரை அது சுரக்கிறது. சிறுநீர் வரும் குழாய் அதன் நடுவே செல்கிறது. இளம் வயதில் அதன் எடை சுமார் 20 கிராம். வயது ஏற ஏற அது பெரிதாகிறது. வாய்க்காலின் இரு கரையும் உள்ளே சரிந்தால் தண்ணீர் எப்படி ஓடும்? அப்படித்தான் சிறுநீரும் தடைப்படுகிறது.

இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. தொற்றுநோயும் அல்ல. கெட்ட நடத்தையால் வருவதும் அல்ல. ஆகவே வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் சும்மா விட்டுவிடவும் கூடாது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும். கல் உண்டாகும். திடீரென்று சிறுநீர் அடியோடு அடைத்துக் கொள்ளலாம். அப்போது அடிவயிறு உப்பி, தாங்க முடியாத வலி வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிலருக்கு வலியே இருக்காது. தேங்கிய சிறுநீர் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். சர்க்கரை வியாதியாலும் அடிக்கடி சிறுநீர் போகும். புற்றுநோய் இருந்தாலும் இதே தொல்லைகள் வரலாம். ஆகவே சோதனை அவசியம்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பலருக்கு மாத்திரையே போதும். மாத்திரையில் குணம் தெரியாவிட்டால், அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், கல் உண்டானால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ஆபரேஷன் தேவைப்படும்.

முன்பு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்தார்கள். பிறகு சிறுநீர்த் துவாரம் வழியாகக் கருவியை விட்டு, மின்சாரத்தால் சுரண்டி எடுத்தார்கள். இது இன்றும் நல்ல முறைதான். அடுத்து வந்தது லேசர் முறை.

லேசர் என்பது செறிவான ஒளி. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். 1990-களில் நியூசிலாந்து டாக்டர் பீட்டர் கில்லிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் ஹோல்மியம் லேசரைக் கொண்டு புராஸ்டேட் ஆபரேஷன் செய்யும் முறையை உருவாக்கினார்கள். இன்று இந்தியாவின் பல நகரங்களில் இது நடக்கிறது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். வயிற்றில் கத்தி படாது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுவிட்டுச் சுளையை மட்டும் எடுப்பது போல, அடைத்திருக்கும் சதையை லேசர் பிரித்துவிடும். பிரித்த சதையைத் துண்டாக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். லேசரின் சூடு ரத்தக் குழாய்களை மூடிவிடும். அதனால் ரத்தப்போக்கு குறைவு. பெரும்பாலும் ஓரிரு நாளில் டியூபை எடுத்துவிடுவார்கள்.

சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சில வாரம் நீர்க்கடுப்பு இருக்கலாம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசியலாம். பெரும்பாலோருக்கு இது போகப் போகச் சரியாகும். பலருக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டும் என்பவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைச் சொல்ல வேண்டும்.

செலவைப் பற்றியும் கேளுங்கள். ஏழைக் குடும்பங்களுக்காக 2018-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கியது. 2024 முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அட்டை தருகிறார்கள். எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆபரேஷனுக்கு அட்டை செல்லும் என்று முன்பே விசாரியுங்கள். லேசர் வசதி இல்லாவிட்டால் மின்சார முறையாலும் நல்ல குணம் கிடைக்கும்.

தாய்மார்களே! வீட்டுப் பெரியவர் இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வாய் திறக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காலத்தில் செய்த வைத்தியம் சிறுநீரகத்தைக் காக்கும்.