ஒரே ஒரு முறை எம்.பி.

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரி மேடைகளில் ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் தேர்தலில் தோற்றுப்போன ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். இங்கிலாந்தில் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் ஒரே ஒரு முறை எம்.பி.யாக இருந்தவர். பெயர் செபாஸ்டியன் கோ. தமிழில் 'கோ' என்றால் அரசன். இவர் நாற்காலி போன பிறகும் வேலையை விடாத அரசன்.

இவருடைய அப்பா பீட்டர் கோ நம்ம ஆள், இன்ஜினீயர். ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. தடகளம் தெரிந்தவர் இல்லை. ஆனாலும் மகனுக்கு அவரே பயிற்சியாளர் ஆனார். 'தூரம் ஓடினால் போதும், வேகம் தானா வரும்' என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, வேகத்தையே அடிப்படையாக வைத்துப் பயிற்சித் திட்டம் போட்டார். பலன்? 1979-ல் மகன் 41 நாட்களில் மூன்று உலக சாதனைகள் செய்தார்: 800 மீட்டர், ஒரு மைல், 1500 மீட்டர்.

1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். ஆப்கானிஸ்தான் பிரச்சினைக்காக வீரர்கள் போகக்கூடாது என்று தாட்சரின் கன்சர்வேடிவ் அரசு வற்புறுத்தியது. கோ போனார், 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடியும் அதே தங்கம். அந்த ஓட்டத்தில் இரண்டு முறை தொடர்ந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஆண் இவர் ஒருவர்தான்.

யார் பேச்சை மீறி ஓடினாரோ, அந்தக் கட்சியின் வேட்பாளராகவே 1992-ல் நின்று, கார்ன்வால் பகுதியில் ஃபால்மத் – கேம்போர்ன் தொகுதியில் ஜெயித்தார். கேம்போர்ன் பொறியாளர்களுக்குப் புண்ணிய பூமி. ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1801-ல் நீராவி வண்டியைச் சாலையில் ஓட்டிக் காட்டிய ஊர். வெள்ளீயச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். ஆனால் 1985-ல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய தங்கத்தை வைத்து ஈயச் சுரங்கத்தைக் காப்பாற்ற முடியுமா, சொல்லுங்க?

நாடாளுமன்றத்தில் அவருக்குக் கிடைத்தது வெளிச்சமில்லாத வேலை. அமைச்சர்களுக்கு உதவியாளர், பிறகு அரசுக் கொறடா. அங்கே கொறடாக்கள் சபையில் பேசுவதில்லை. யார் வருவார், யார் வரமாட்டார், யார் மனசு மாறும் என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஜான் மேஜரின் அரசு 1992-ல் ஆரம்பித்ததே 21 இடப் பெரும்பான்மையில். அதுவும் கரைந்துகொண்டே வந்தது. அந்த மாதிரி சபையில் ஒவ்வொரு ஓட்டும் கணக்குதான்.

1997 மே மாதத் தேர்தலில் டோனி பிளேரின் தொழிற்கட்சி அலை அடித்தது. கன்சர்வேடிவ் கட்சி 336-லிருந்து 165-க்கு இறங்கியது. கார்ன்வாலில் அவர்களுக்கு ஒரு இடம்கூட மிஞ்சவில்லை. கோவும் தோற்றார். அதே ஆண்டில், 1981 முதல் அவர் வைத்திருந்த 800 மீட்டர் உலக சாதனையையும் வில்சன் கிப்கெட்டர் முறியடித்தார். பதவி போச்சு, சாதனையும் போச்சு. அப்போது வயது நாற்பது.

மக்கள் அவருக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அவர்கள் கவலை. கேம்போர்னுக்குப் பக்கத்தில் கடைசியாக இயங்கிய சவுத் கிராஃப்டி சுரங்கமும் 1998 மார்ச்சில் மூடப்பட்டது. எம்.பி.க்கு வேறு வேலை கிடைக்கும். சுரங்கத் தொழிலாளிக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. இதையும் நாம் மறக்கக்கூடாது.

கோ கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்கின் அலுவலகத்தை நிர்வகித்தார். 2000-ல் பிரபுக்கள் சபைக்குப் போனார். 2001-ல் ஹேக்கும் தோற்றார். 2004-ல் லண்டன் ஒலிம்பிக் முயற்சிக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு வந்தது. அரசு யாருடையது? அவரைத் தோற்கடித்த அதே தொழிற்கட்சியுடையது! அவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்தார். 2005 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பில் லண்டன் பாரிஸை 54–50 என்று வென்றது. நாலே ஓட்டு. ஓட்டு எண்ணும் அந்தக் கொறடா வேலை இங்கேதான் கைகொடுத்தது என்பது என் கணிப்பு. 2012 போட்டிகளை ஹாஸ்டல் டி.வி. அறையில் கூட்டமாகப் பார்த்த என் பேட்ச் நண்பர்களே, அந்த ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் இவர்தான்.

2015-ல் உலகத் தடகள அமைப்பின் தலைவரானார். 2025-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் பதவிக்கு நின்றபோது 97 ஓட்டில் கிடைத்தது எட்டுதான். 68 வயதிலும் தோற்கத் தயாராக நின்றார் பாருங்க, அதுதான் எனக்குப் பிடித்தது.

இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே, கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் பெயர் வராதவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் முதலில் சேர்ந்த கம்பெனி இரண்டே வருடத்தில் எங்கள் பிரிவை இழுத்து மூடியது. ஆனால் அங்கே டிராயிங் படிக்கக் கற்றது இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. பதவியைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம். பழகிய வேலையை யாரும் பிடுங்க முடியாது.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தின் டைரக்டரியில் நம் எல்லோருடைய போன் நம்பரும் இருக்கிறது. வேலை கிடைக்காத ஒரு ஜூனியர் கூப்பிட்டால், தயவுசெய்து எடுங்கள். ஐந்து நிமிஷம் பேசுங்கள். கோவுக்குக் கட்சி இருந்தது, இவர்களுக்கு நாம்தான்.