பிறவி இருதய நோயும் பின்வரும் வாழ்வும்



சென்ற ஆண்டு எம் பாடசாலை விழாவுக்குப் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். இருதயத்தில் துவாரத்துடன் பிறந்து, ஆறாம் வயதிற் சத்திரசிகிச்சை பெற்றவள். "கிளினிக்குக்குப் போகிறாயா, பிள்ளை?" என்று வினவினேன். "அது சின்ன வயதிலேயே சுகமாகிவிட்டதே, சேர்" என்றாள். கல்யாணப் பேச்சு நடப்பதால், மார்பிலுள்ள தழும்பைப்பற்றி வாய் திறக்கலாகாதென வீட்டார் கூறியிருந்தனர்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு ஒன்று இருதயக் குறையுடன் பிறக்கின்றது. 1944ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், ஹெலன் டோசிக் என்னும் பெண் வைத்தியரின் யோசனைப்படி, நீலம் பாரித்த குழந்தையொன்றுக்கு அல்பிரட் பிளலொக் சத்திரசிகிச்சை செய்தார். அதன்பின் வளர்ந்த வைத்தியக் கலையினால், முன்னர் மடிந்திருக்கக்கூடிய குழந்தைகள் இன்று பெரியோராய் வாழ்கின்றனர். நம் நாட்டில் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் இத்தகைய சிகிச்சை நடைபெறுகின்றது. ஆயினும், சிறுவர் கிளினிக்கை விட்டு நீங்கும் வயதிற்றான் பலர் வைத்தியரின் கண்பார்வையினின்றும் நழுவிவிடுகின்றனர்.

பழுது பார்த்த இருதயம் பழுதே இல்லாத இருதயமன்று. ஆண்டுகள் பல கழித்தும் வால்வு ஒழுகலாம். துடிப்பின் சீர் குலையலாம். பல்லிலும் ஈறிலும் உள்ள கிருமிகள் இரத்தத்திற் கலந்து இருதயத்தைத் தாக்கலாம். கருவுற்ற காலத்திலோ இருதயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இரத்தத்தை இறைக்க வேண்டும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிற் காற்றும் மெலிது; உடல் நீலம் பாரித்தவர் அங்கே கொழுந்துச் சுமையுடன் மேடேறுவது ஆபத்து.

இதனால் அவர்களை மூலையில் இருத்திவிட வேண்டுமென்பதில்லை. பெரும்பாலோர் தொழில் செய்யலாம், மணம் புரியலாம். பலர் தாயாகவும் ஆகலாம். எவ்வளவு சுமை தகும் என்பதை வைத்தியரே சோதித்துச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடுமே என்ற கவலையை நான் அறிவேன். அந்த நாளைத் தோட்ட நிருவாகமும் குடும்பமும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

அம்மாணவியின் தாயாரிடம் நான் சொன்னது இதுவே: "நாம் மறைத்தாலும் முதற் பிரசவம் மறைக்காது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். வைத்தியரிடம் அதற்கு முன்பே சொல்லுங்கள்." மறுவாரமே தாயும் மகளும் பழைய கிளினிக் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினர்.

உங்கள் வீட்டிலும் அத்தகைய அட்டை பெட்டிக்கடியிற் கிடக்குமாயின், இன்றே எடுத்துப் பாருங்கள்.