நோவு வருமுன் அடைப்போம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் பேசக் கற்றறிந்த சான்றோர்கள் வருகிறார்கள். இவ்வாண்டு என்னைப் பேசப் பணித்த செயலாளர் அவர்கள், "உமக்குத் தெரிந்த பொருளைப் பேசும்" என்று மட்டும் கூறினார். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக இரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிவரும் எனக்கு இலக்கியம் பேசத் தகுதி இல்லை. ஆயினும், என் வீட்டில் நேர்ந்த ஒரு தவற்றைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. ஆகவே, பற்சொத்தையைப் பற்றியும் அதற்கு இடும் அடைப்பைப் பற்றியும் சில சொல்ல வந்துள்ளேன். சிரிக்காதீர்கள், சிரித்தால் யார் யார் வாயில் சொத்தை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும்!

என் மூத்த மகளுக்கு எட்டு வயது நடந்த காலம். அவள் படித்த பள்ளியில் பற்களைப் பரிசோதித்தார்கள். "கீழ்ப்புறக் கடைவாய்ப் பல்லில் சிறு சொத்தை உள்ளது, அடைக்க வேண்டும்" என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்கள். நான் அச்சீட்டைப் படித்தேன், தேதியிட்டேன், துளையிட்டு வீட்டுக் கோப்பில் கட்டி வைத்தேன். எழுத்தன் வேறென்ன செய்வான்? "எட்டு வயதுக் குழந்தைக்குப் பாற்பல்தானே, விழுந்து முளைத்துவிடும்" என்று என் தாயார் கூறினார், நானும் நம்பினேன். பல்லோ வலிக்கவில்லை. வலிக்காத பல்லுக்காக விடுப்பு எடுக்க யாருக்கு மனம் வரும்?

இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குப் புறப்பட்டோம். சோலாப்பூரைத் தாண்டியபோது குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வாடிச் சந்திப்பில் அழத் தொடங்கினாள். என் மனைவி கைவசம் இருந்த கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துப் பார்த்தாள், வலி அடங்கவில்லை. பொழுது விடிந்தபோது முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. ஊரில் நாங்கள் பார்த்த பல் மருத்துவர், வீக்கம் தணிய மருந்து கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாயைத் திறந்து பார்த்தார். "பல்லில் சுவரே மிஞ்சவில்லை, எடுக்கத்தான் வேண்டும்" என்றார். "பாற்பல்தானே, ஐயா?" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "இது பாற்பல் அன்று, ஆறு வயதில் முளைத்து ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல்" என்றார். அன்று மாலை என் மகள் என்னிடம், "அப்பா, இது மறுபடியும் முளைக்கும் அல்லவா?" என்று கேட்டாள். என்னால் விடை சொல்ல இயலவில்லை.

தாய்மார்களே, இதனைத்தான் உங்கள் மனத்தில் முதலில் பதிக்க விரும்புகிறேன். குழந்தைக்குப் பாற்பற்கள் இருபது. அவை விழுந்த இடத்தில் புதிய பற்கள் முளைப்பதை நாம் அறிவோம். ஆனால், ஏறத்தாழ ஆறாவது வயதில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, மேலும் கீழும் இருபுறமும் ஆக நான்கு பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. எதுவும் விழாததால், அவை முளைத்ததையே நாம் அறிவதில்லை. அறிந்தாலும் பாற்பல் என்றே எண்ணிவிடுகிறோம். அவை நிலையான பற்கள். மற்றப் பற்கள் வரிசையாக அமைவதற்கும், உணவை அரைப்பதற்கும் அவையே தூண்கள். அவற்றின் மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் இருப்பதால், சொத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அவற்றையே.

பல் அவ்வளவு எளிதில் அழியும் பொருளா? அன்று. நம் புனே மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சிரூர் வட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1968 முதல் 1983 வரை நம் டெக்கான் கல்லூரியின் தொல்லியல் அறிஞர்கள் அகழாய்வு நடத்தி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உழவர் குடியிருப்பு ஒன்றை வெளிக்கொணர்ந்தார்கள். அக்காலத்து மக்கள் இறந்த குழந்தைகளைத் தாழியிலிட்டு வீட்டுத் தரையின் கீழேயே புதைத்தார்கள். அக்குழந்தைகளின் பாற்பற்களை ஆராய்ந்த ஜான் லூக்காச், சுபாஷ் வாலிம்பே ஆகிய அறிஞர்கள், அவர்கள் உடல் பட்ட துன்பத்தின் அடையாளங்களை அப்பற்களில் கண்டார்கள். மண்ணுக்குள் மூவாயிரம் ஆண்டுகள் அழியாதிருந்தது பல்; நம் வாய்க்குள் மூன்றே ஆண்டுகளில் அழிந்துவிடுகிறது. காரணம் பல்லின் மென்மை அன்று. நாம் அதனை நடத்தும் முறையே ஆகும்.

பல்லின் மேலே உள்ள பூச்சு, எனாமல் என்பது, நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் உள்ளே சற்று மென்மையான பற்திசு. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ். வாயில் குடியிருக்கும் கிருமிகள், நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் இழந்த சத்தை மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. எனவே, எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை உண்கிறோம் என்பதே முக்கியம். காலை முதல் மாலை வரை மணிக்கொரு தடவை அமிர்ததுல்ய தேநீர் அருந்தும் நம் அலுவலக நண்பர்களுக்கும், லோணாவ்ளாவில் வண்டி நின்றவுடன் சிக்கி வாங்கிப் புனே வந்து சேரும்வரை சுவைக்கும் நம் பிள்ளைகளுக்கும் உமிழ்நீர் எப்பொழுது பழுது பார்க்கும்? தேநீரையும் சிக்கியையும் விடச் சொல்லவில்லை. உணவு வேளையோடு சேர்த்து உண்டு, வாயைக் கொப்பளியுங்கள் என்கிறேன்.

கரைவது எனாமலில் இருக்கும்வரை வலி இராது. அங்கே நரம்பு இல்லை. உட்திசுவை எட்டியதும் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். கூழை எட்டிய பின்னரே இரவெல்லாம் உறங்கவிடாத நோவு வரும். எனவே, வலி என்பது நோயின் தொடக்கம் அன்று. அது நோய் நெடுந்தொலைவு சென்றுவிட்டதன் அறிவிப்பு. வலிக்காத காலமே அடைப்பதற்கு உரிய காலம்.

நம் ஊர்களில் சொத்தையைப் "பூச்சிப்பல்" என்பர். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு, அதன் புகையை வாயில் பிடித்துப் பூச்சி விழச் செய்வதைச் சிறு வயதில் கண்டிருக்கிறேன். பல்லில் புழு உண்டு என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பாபிலோன் முதல் ஐரோப்பா வரை இருந்தது. 1728ஆம் ஆண்டில் பல் மருத்துவ நூல் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியேர் ஃபோஷார், தேடித் தேடியும் அப்புழுவைக் காணவில்லை என்று எழுதினார். 1890ஆம் ஆண்டில் மில்லர் என்பார், பெர்லின் நகரில் தாம் நடத்திய ஆராய்ச்சிகளைக் கொண்டு, கிருமி தரும் அமிலமே காரணம் என்று விளக்கினார்.

பல்லைக் குடையும் தொழில் மேனாட்டார் நமக்குத் தந்தது என்று எண்ணவேண்டாம். இன்று பாகிஸ்தானில் உள்ள பலுச்சிஸ்தானத்தின் மெஹர்கர் என்னும் இடத்தில், ஏழாயிரத்து ஐந்நூறு முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்கள் கல்முனைத் துளைப்பானால் துளைக்கப்பட்டிருந்தன. இச்செய்தி 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. துளையின் ஓரங்கள் தேய்ந்திருந்தமையால், துளைத்த பின்னும் அவர்கள் அப்பல்லால் மென்று உண்டார்கள் என்பது தெரிகிறது. மரத்துப்போகும் ஊசி இல்லாத காலத்தில் அவர்கள் அமர்ந்தார்கள். 1943ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் லிக்னோகைன் மருந்து உருவாக்கப்பட்ட பிறகும், நாற்காலியைக் கண்டால் நாம் நடுங்குகிறோம்!

இனி, அடைக்கும் பொருள்களைக் கூறுகிறேன். அவற்றுள் நெடுங்காலம் பெரிதும் வழங்கியது பாதரசக் கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியோடு ஏறத்தாழச் சரிபாதி பாதரசம் சேர்த்துப் பிசைந்து இடுவது. உறுதியானது; மலிவானது; நிறம் மட்டும் கருமை. 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இது பரவியபோது பெரும் சண்டை மூண்டது. அங்குள்ள பல் மருத்துவர் சங்கம் ஒன்று, இதனைப் பயன்படுத்துவதில்லை என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. அச்சண்டையில் பிளவுபட்டு அச்சங்கமே 1856ஆம் ஆண்டில் மறைந்தது. சங்கம் நடத்தும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு! பிற்காலத்தில், ஜப்பானின் மினமாட்டா நகரில் பாதரசக் கழிவால் மக்கள் பட்ட துயரை உலகம் கண்டது. அந்நகரின் பெயராலேயே அமைந்த உலக உடன்படிக்கை 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில் இந்தியாவும் அதனை ஏற்றது. அதன்படி இக்கலவையின் பயன்பாடு குறைக்கப்பட்டு வருகிறது. சிறுவர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் இதனைத் தவிர்க்கிறார்கள். ஆனால், முன்பே இட்ட கருநிற அடைப்பு உறுதியாக இருந்தால், அஞ்சி அதனைப் பிடுங்கவேண்டியதில்லை. பிடுங்கும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக எழும்.

இரண்டாவது, கண்ணாடிப் பொடியும் அமிலமும் சேர்ந்த அயனோமர் சிமென்டு. 1969ஆம் ஆண்டில் இலண்டனில் வில்சன், கென்ட் என்னும் இருவர் கண்டது. இது பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஃபுளூரைடைச் சிறிது சிறிதாக வெளியிட்டுப் பல்லைக் காக்கும். கடும் மெல்லுதலில் தேயக்கூடும். எனினும் குழந்தைகளுக்கு மிக ஏற்றது. மூன்றாவது, பல்லின் நிறமே கொண்ட பிசின் கலவை. அமெரிக்கரான போவென் 1962ஆம் ஆண்டில் இதன் அடிப்படைப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். அடுக்கடுக்காக இட்டு நீல ஒளி காட்டி இறுகச் செய்வார்கள். பார்வைக்கு அழகு, செலவும் நேரமும் சற்றுக் கூடுதல்.

அடைக்கும் முறையோ எளிது. வேண்டுமாயின் ஊசியிட்டு மரக்கச் செய்வார்கள். சொத்தைப் பகுதியை மட்டும் நீக்குவார்கள். முற்காலத்தில் நல்ல பல்லையும் அகலமாகச் செதுக்குவது வழக்கம். இன்று இயன்றவரை பல்லை மிச்சம் வைப்பதே கொள்கை. பின் குழியை உலர்த்தி அடைத்து, வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து உயரம் சரிபார்ப்பார்கள். சிறு குழியாயின் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவே கூழை எட்டிவிட்டால், வேர்ச் சிகிச்சை செய்து, மேலே உறை போடவேண்டும். பல முறை நடக்கவேண்டும். செலவும் பல மடங்கு. அதற்கும் வழியில்லையேல் பல்லைப் பிடுங்கவேண்டியதுதான்.

நம் இருப்புப்பாதையில் கீமேன் நாள்தோறும் நடந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். தளர்ந்த சாவியை அப்போதைக்கப்போது சுத்தியால் தட்டி இறுக்கிவிட்டுப் போவார். வண்டி கவிழ்ந்த பிறகு இறுக்குவோம் என்று அவர் இருந்தால் என்ன ஆகும்? நம் வாயில் அக்கீமேன் வேலையை நாமே செய்யவேண்டும். பிள்ளைக்கு ஆறு வயதானதும் நல்ல வெளிச்சத்தில் கடைவாயைப் பாருங்கள். கரும்புள்ளி தென்பட்டாலும், தென்படாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை வருமுன்னரே பூசி மூடும் முறையும் உண்டு, கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இரவில் படுக்குமுன் ஃபுளூரைடு உள்ள பற்பசையால் துலக்கச் செய்யுங்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நல்லவையே. ஆயினும் விழுந்துவிட்ட குழியை எக்குச்சியும் நிரப்பாது. செலவுக்கு அஞ்சுவோர், இந்நகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துப் பாருங்கள். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் அடைக்கிறார்கள்.

நாம் பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்வோம்" என்று பல காரியங்களைத் தள்ளிவைப்பது நம் இயல்பாகிவிட்டது. வீடு கட்டுவதைத் தள்ளிவைக்கலாம். காது குத்தலைத் தள்ளிவைக்கலாம். சொத்தை மட்டும் நம் விடுப்புக்காகக் காத்திருப்பதில்லை.

என் மகனுக்கு ஏழு வயதில் அதே இடத்தில் சிறு கரும்புள்ளி தென்பட்டது. அவ்வாரமே அழைத்துச் சென்று அடைத்தோம். அப்பல் இன்றும் அவனுக்கு உழைக்கிறது. என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. இடம் காலியாய் இருப்பதால் அண்டைப் பல் சாய்ந்துவிட்டது. இடப்புறம் மெல்லவே பழகிக்கொண்டாள். என்னை ஒருநாளும் அவள் குறை கூறியதில்லை. இவ்வுரையைப் படித்துக் காட்டியபோது, "சொல்லுங்கள் அப்பா; யாரேனும் ஒரு குழந்தைக்குப் பயன்படட்டும்" என்றாள். அவள் தந்த அனுமதியோடுதான் பேசினேன்.

அச்சீட்டு இன்னும் என் கோப்பில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு சீட்டு இருந்தால், நாளைக் காலை அதனை வெளியே எடுங்கள்.