உள்ளேன் ஐயா

(திருவண்ணாமலையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தனிமையும் தளரும் உறவுகளும்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். கேட்டவுடன் முதியோர் இல்லமும் கைப்பேசியும்தான் என் நினைவுக்கு வந்தன. இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். பிறகு அதை மடித்து வைத்துவிட்டேன். என் வகுப்பிலேயே நடந்ததைச் சொல்லாமல் ஊர்க்கதை பேசுவது சரியில்லை என்று பட்டது.

நான் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியர். போன ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவன். அதிகம் பேச மாட்டான். நாம் ஆசிரியர் அறையில் ‘தொந்தரவு இல்லாத பையன்’ என்று சொல்வோமே, அப்படி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெங்களூரில் கட்டட வேலை. செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி வழியாகப் பேருந்து ஏறினால் சுமார் 200 கிலோமீட்டர். பொங்கலுக்கும் தீபத்துக்கும் வருவார்கள். இவனும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் இவன் தங்கையும் பாட்டியிடம் வளர்கிறார்கள்.

ஒரு நாள் காலை உணவு சமைக்கும் அக்கா என்னை நிறுத்தி, “சார், அந்தப் பையன் ஒரு வாரமா பாப்பாவ ரொம்ப சீக்கிரமே கூட்டிட்டு வந்துடறான். அது சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தூண்கிட்டயே நிக்கறான். வீட்ல என்னான்னு கேளுங்க” என்றார். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கைக்கு உண்டு, இவனுக்கு இல்லை. மதியம் கவனித்தேன். சத்துணவில் கொடுத்த முட்டையைச் சாப்பிடாமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தான். ராத்திரிக்கு.

பாட்டி வழுக்கி விழுந்து மருத்துவமனையில் இருந்தார். அத்தை அவரோடு இருந்தார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று அத்தை நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களோ அதற்கு முந்தின வாரமே பெங்களூர் போய்விட்டார்கள். ஆறு இரவுகள் இந்த இரண்டு பிள்ளைகளும் தனியாகப் படுத்திருக்கிறார்கள். ஆறு நாளும் என் வருகைப் பதிவில் அவன் ‘வருகை’.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தினமும் இரவு எட்டரை மணிக்குப் பேசுவார். “சொன்னா அம்மா வேலய உட்டுட்டு வந்துடும் சார்” என்றான். எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். “யாருகிட்ட சார் சொல்றது” என்றான். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டான்.

அன்று மாலை அவன் தெருவுக்குப் போனேன். பன்னிரண்டு வீடுகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. அந்தக் காலத்துத் தெருவாக இருந்தால் இப்படி நடந்திருக்காது என்று நம்மில் பலர் சொல்வோம். அது பாதி உண்மை. அந்தக் காலத்துத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்ற கணக்கும் இருந்தது. அதை மறந்துவிட்டுத் திண்ணைக்காக ஏங்க என்னால் முடியாது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை என்றால், அது எதிர்வீட்டுக்குத் தெரிந்தது. அதுதான் இப்போது இல்லை.

உறவுகள் தளர்ந்துவிட்டன என்கிறோம். இந்தக் குடும்பத்தில் எந்த உறவு தளர்ந்தது? அம்மா ஒரு நாள் தவறாமல் பேசுகிறார். அம்மா கவலைப்படக் கூடாது என்று மகன் பொய் சொல்கிறான். பாசத்துக்குக் குறைவே இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டு “என்னடா ஒரு மாதிரி இருக்க?” என்று கேட்கக்கூடிய தூரத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். “சாப்பிட்டியா?”, “சாப்பிட்டேன்” என்பதற்கு மேல் கைப்பேசியால் எட்டிப் பார்க்க முடியவில்லை.

இது நம் ஊர்க்கவலை மட்டுமில்லை. இங்கிலாந்து அரசு 2018ஆம் ஆண்டு தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021இல் அதைப் பின்பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது. முதியவர்கள் இருக்கட்டும், 13 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் 17 முதல் 21 விழுக்காட்டினர் தங்களைத் தனிமையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் பதின்பருவத்தினர்தான் அதிகம். அதாவது நம் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

தனியாக இருப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. இந்த வித்தியாசம் திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, 16 வயதில், யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். நான் இதைப் பக்திக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஆசிரியனாகப் பார்க்கிறேன். அது அவரே தேர்ந்துகொண்ட தனிமை. அப்போதும், பாதாள லிங்கக் குகையில் பேச்சு மூச்சின்றி உட்கார்ந்திருந்தவரைக் கவனித்தவர்கள் சிலர் இருந்தார்கள். விளையாட்டாகக் கல்லெறிந்த சிறுவர்களிடமிருந்து அவரைக் காத்தவர்களில் சேஷாத்திரி சுவாமிகளும் ஒருவர். தனிமையை விரும்பி வந்தவருக்கே கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. என் மாணவன் எதையும் தேர்ந்துகொள்ளவில்லை.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். செயலியில் வருகைப் பதிவு வந்த பிறகு நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். வகுப்பை ஒரு பார்வை பார்ப்பேன், வராதவர்களைக் குறிப்பேன், முடிந்தது. செயலியைக் குறை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டது நான்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு பெயராகப் படிப்போம், “உள்ளேன் ஐயா” என்று பதில் வரும். அந்தக் குரலிலேயே யாருக்குக் காய்ச்சல், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இப்போது முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் செயலி. 34 பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் ஆகிறது. பாடவேளையில் அது நட்டம்தான், மறுக்கவில்லை.

இன்னொன்றும் செய்தோம். பிள்ளைகளின் பதிவுகளைப் புரட்டியபோது பல பேருக்கு அப்பாவின் பெங்களூர் எண் மட்டுமே இருந்தது. கூப்பிட்ட உடனே நடந்து வரக்கூடிய ஒருவரின் எண் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு பெரியவரின் பெயரை எழுத ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். குழுவில் இருந்த ஒரு தாய்தான் பாட்டி வீடு திரும்பும் வரை இரண்டு பிள்ளைகளையும் இரவில் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார். அவருக்கு நான்கு தெரு தள்ளி வீடு. அதற்கு முன் அந்தப் பாட்டியோடு அவர் பேசியதுகூட இல்லை.

1098, 14417, 14416 ஆகிய உதவி எண்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவை வேண்டும். ஆனால் ஒரு குழந்தை எண்ணைச் சுழற்றுவதற்கு முன், தனக்கு நடப்பது சொல்லத்தக்க விஷயம் என்று அதற்குத் தெரிய வேண்டும். ‘மாணவர் மனசு’ பெட்டியைத் திறந்தால் கழிப்பறைக் கதவு பற்றியும் பந்து பற்றியும் சீட்டு இருக்கிறது. “வீட்டில் யாரும் இல்லை” என்று ஒரு சீட்டும் வந்ததில்லை.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிய உணவுக்கு உட்கார்ந்தால், முன்பு ஒருவர் குழம்பு இன்னொருவர் தட்டுக்குப் போகும். இப்போது ஆளுக்கொரு கைப்பேசியில் ஏதோ ஒரு விவரத்தைப் பதிவேற்றிக்கொண்டே சாப்பிடுகிறோம். சிரிக்கிறீர்கள், எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் போலிருக்கிறது. மலைப்பக்கம் ஈராசிரியர் பள்ளியில் இருக்கும் நண்பர் ஒருவர், உடன் பணிபுரிபவர் விடுப்பில் போனால் வாரம் முழுக்கப் பெரியவர்களோடு பேசவே வாய்ப்பில்லை என்றார். அவருக்கு நான் இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறேன். பேசுவதற்குப் பெரிய விஷயம் ஒன்றும் இருப்பதில்லை.

எனக்கு இன்னும் விடை தெரியாதது மே மாதம். பள்ளி மூடினால் சத்துணவு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. சில பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகைக்குப் போவார்கள், சிலர் இங்கேயே பாட்டியோடு இருப்பார்கள். யார் எங்கே என்று இந்த ஆண்டு முன்கூட்டியே கேட்டு எழுதப் போகிறேன். உங்கள் பள்ளியில் விடுமுறைக்கு ஏதாவது ஏற்பாடு வைத்திருந்தால் தேநீர் நேரத்தில் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.