பங்கோட்டீக் ஓடைக்கரையில் 250 ஏக்கர்



நடக்கவிருக்கும் அமர்வுகளைத் தொகுத்துச் சொல்வது தலைமை உரையின் வழக்கம். நானோ ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் வாழ்ந்த ஆண்டனி ஜான்சன், மேரி ஜான்சன் என்னும் ஆப்பிரிக்கத் தம்பதியரின் குடும்பம் அது. உயிலையும் நிலப் பத்திரத்தையும் கொண்டு ஒரு மூதாதையைத் தேடுவது எப்படி என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இவர்களைத்தான் காட்டுகிறேன்.

1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், எட்வர்ட் பென்னட் என்பவரின் தோட்டத்து வேலையாட்களிடையே இருவர் பெயர் இருக்கிறது. 1621இல் ‘ஜேம்ஸ்’ கப்பலில் வந்த அன்டோனியோ. 1622இல் ‘மார்கரெட் அண்டு ஜான்’ கப்பலில் வந்த மேரி. குடும்பப் பெயரும் இல்லை, பிறந்த ஊரும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், நார்த்தாம்ப்டன் கவுண்டியின் நீதிமன்றப் பதிவேடுகளில் ஆண்டனி ஜான்சன் என்றொருவர் தென்படுகிறார். இருவரும் ஒருவரே என்று எதை வைத்துச் சொல்வது? ஆங்கிலேயர் குடியேறிய இடங்களில் ஜான்சன் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை.

விடை தருவது ஒரு வரிவிலக்கு உத்தரவு. தீ விபத்தில் ஜான்சன் குடும்பம் பெரும் இழப்புக்கு ஆளானது. 1653 பிப்ரவரியில் நீதிமன்றம் மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் வரியிலிருந்து விலக்கு அளித்தது. 1643 முதல் வர்ஜீனியாவில் வெள்ளைக்காரப் பெண்களுக்கு இல்லாத தலைவரி கறுப்பினப் பெண்களுக்கு இருந்தது. அதனால் இந்தச் சலுகை சிறியதன்று. தம்பதியர் அந்த மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருபவர்கள் என்று அந்த உத்தரவு போகிற போக்கில் குறிப்பிடுகிறது. கழித்துப் பாருங்கள்: 1623க்கு முன்பே வந்திருக்க வேண்டும். கப்பல்களின் ஆண்டுகள் பொருந்துகின்றன, மனைவியின் பெயரும் பொருந்துகிறது. வம்ச வரலாறு எழுதும் நோக்கமே இல்லாத ஒரு எழுத்தர் வைத்துப்போன சான்று என்பதால்தான் இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நார்த்தாம்ப்டனின் பதிவேடுகள் 1632 முதல் அறுபடாமல் ஈஸ்ட்வில்லில் காக்கப்பட்டு வருகின்றன. உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக் கருதி ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட வேறு பல கவுண்டிகளின் ஏடுகள் 1865இல் அந்நகரத்தில் மூண்ட நெருப்பில் அழிந்தன. எரிந்த கவுண்டியில் பிறந்த ஒரு ஜான்சனை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். 1651 ஜூலையில் ஆண்டனி, பங்கோட்டீக் ஓடைக்கரையில் 250 ஏக்கருக்குப் பட்டா பெற்றார். கடல் கடந்து ஆள் கொண்டுவருவோருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது அன்றைய விதி. பட்டாவில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அவருடைய மகன் ரிச்சர்டின் பெயர். இங்குதான் பல ஆய்வுகள் வழுக்கி விழுகின்றன. ஐந்து பெயர் இருப்பதால் அவர் ஐந்து வேலையாட்களைக் கப்பலில் வரவழைத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அப்படி நிலம் கோருவதற்கான தலைக்கணக்குச் சான்றிதழ்கள் கைமாறி விற்கப்பட்டவை. வந்தவர் ஒருவர், சான்றிதழை வைத்து நிலம் வாங்கியவர் வேறொருவர். பட்டாவின் தேதி நிலம் கிடைத்த நாளைச் சொல்லும். அதில் உள்ளவர் வந்த நாளை அது சொல்லாது.

தேதி என்றதும் இன்னொன்று. ஜான் கேசர் என்ற கறுப்பினத்தவர், தம் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஆண்டனி தம்மைப் பிடித்துவைத்திருப்பதாக முறையிட்டார். ஆண்டனியோ அவர் வாழ்நாள் முழுவதும் தமக்கே உரியவர் என்று வாதாடினார். தீர்ப்பும் அப்படியே வந்தது. தீர்ப்பு நாளான மார்ச் 8, அன்றைய கணக்கில் 1654. நம் கணக்கில் 1655. ஆங்கிலேயர் 1752 வரை மார்ச் 25ஆம் நாளைத்தான் ஆண்டின் தொடக்கமாகக் கொண்டார்கள். இது தெரியாமல் உயில் எழுதிய தேதியையும் அது நிரூபிக்கப்பட்ட தேதியையும் ஒப்பிட்டால், இறந்தவர் எழுந்து வந்து உயில் எழுதிய கதையாகிவிடும். தேதிச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். அடிமையாய் வந்தவரே இன்னொருவரை அடிமையாய் வைத்திருந்தார் என்ற உண்மையை, மூதாதையைப் போற்றும் ஆர்வத்தில் யாரும் மறைத்துவிடக் கூடாது.

1660களின் நடுவில் குடும்பம் மேரிலாந்தின் சோமர்செட் கவுண்டிக்குப் பெயர்ந்தது. பழைய நிலத்தில் 200 ஏக்கரை விற்றுவிட்டு, 50 ஏக்கரை ரிச்சர்டுக்கு விட்டுச் சென்றார்கள். புதிய இடத்தில் 300 ஏக்கர் குத்தகை. 1670இல் ஆண்டனி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி, அவர் கறுப்பர், ஆகவே அந்நியர், ஆகவே நிலம் அரசுக்குச் சேரும் என்று முடிவு கூறியது. நீதிமன்றத்தின் இரக்கத்துக்கு உரியவராக முன்பு கருதப்பட்ட மனிதர், பதினேழு ஆண்டுகளில் நிலம் வைத்திருக்கவே தகுதியற்றவர் ஆகிவிட்டார். இந்த இரண்டு ஏடுகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு கனக்கிறது.

மேரி 1672இல் உயில் எழுதினார். பேரன்கள் ஒவ்வொருவருக்கும் கன்றோடு ஒரு பசு. மூன்று தலைமுறையை ஒரே தாளில் பிணைக்கும் இத்தகைய உயில் கிடைப்பது அரிது. 1677இல் பேரன் ஜான் 44 ஏக்கர் நிலம் வாங்கி, அதற்கு ‘அங்கோலா’ என்று பெயரிட்டார். குடிக்கணக்கு எழுதியவர் கேட்டு எழுதாத ஊர் எதுவென்று அந்தப் பெயர் சுட்டுகிறது எனப் பலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் கருதுகிறேன். ஆயினும் அதைக் குறிப்பு என்றே எழுதுவேன், சான்று என்று எழுத மாட்டேன்.

உயிலில் பெயர் இல்லாதவரைக் குடும்பத்தில் இல்லாதவர் என்று எண்ணும் அவசரமும் நம்மிடம் உண்டு. வர்ஜீனியாவில் 1785 வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே போனது. நிலம் எப்படியும் வந்துசேரும் என்பதால், தந்தை உயில் எழுதும்போது மூத்தவன் பெயரை விட்டுவிட்டதும் உண்டு. மனைவியின் பெயர் உயிலில் இல்லாமல் போனாலும் விற்பனைப் பத்திரத்தில் அகப்படும்: கணவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கை வாழ்நாள் வரை அனுபவிக்கும் உரிமை அவளுக்கு இருந்ததால், அதை விட்டுக்கொடுக்கிறாளா என்று தனியே விசாரித்துப் பதிவு செய்தார்கள்.

ஆனால் ஜான்சன் குடும்பம் பெற்றதுபோல நிலம் பெறும் வாய்ப்பே இல்லாதவர்கள் பெருந்தொகையினர். 1662ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் நிலை தாயின் நிலையே என்று விதித்தது. அதன்பின் அடிமைகளாக வைக்கப்பட்டோர் தம் பெயரில் உயில் எழுதவில்லை. எசமானர்களின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும், மாட்டுக்கும் மரச்சாமானுக்கும் நடுவே, வெறும் முதற்பெயரும் விலையுமாக எழுதப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்று தம் முன்னோரைத் தேட வேண்டுமானால், அந்த முன்னோரை உடைமையாக வைத்திருந்தவரின் வம்சத்தை முதலில் தேட வேண்டியிருக்கிறது. எசமானரின் மகள் மணமாகிப் போன ஊர், கடனுக்காக ஏலம் விடப்பட்ட நாள், பங்கு பிரித்த பாகப் பத்திரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் தாயும் மகனும் பிரிந்த இடம் தெரியவரும். இந்த உழைப்பை மேற்கொள்ளும் இளைஞர்கள் சிலர் இன்று கட்டுரை படிக்கிறார்கள் என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இவரே அவர்’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வோரிடத்திலும், எந்த ஏடு, எந்த அண்டை நிலத்துக்காரர், எந்தச் சாட்சி என்பதை அவைக்கு எடுத்துக்காட்டுங்கள். கேள்விக்கு அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நிலப் பட்டாக்கள் குறித்த முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.